வலப்புறம் வளையும் பந்து

பந்து கொண்டு ஆடும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் எதிரே ஒருவன் நிற்பான். அவன் வீசும் பந்தை நாம் அடிக்கவேண்டும். அன்றேல் அவன் காக்கும் எல்லைக்குள் நமது பந்தைச் செலுத்தவேண்டும். தோற்றுவிட்டால் எதிரி வல்லவன் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கொல்ப் விளையாட்டிலோ அந்த ஆறுதலுக்கு இடமில்லை. பந்து அசையாமல் நிலத்திற் கிடக்கிறது. ஆடுபவன் தானே நின்று, தானே குறிபார்த்து, தானே அடிக்கிறான். அது பற்றைக்குள் ஓடி மறைந்தால் பழியைச் சுமத்துவதற்கு வேறொருவரும் அகப்படார்.

நம் நாட்டுக்கு இவ்விளையாட்டுப் புதியதன்று. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலேயே கொல்ப் கழகம் தோன்றிவிட்டது. பொரளையிலுள்ள அதன் மைதானத்தை ஊடறுத்துக் களனிவெளிப் புகையிரதப் பாதை செல்கிறது. நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டில் தொடங்கிய கழகத்தின் மைதானம் நகரின் நடுவே பசுங்கம்பளம் விரித்தாற்போலக் கிடப்பதை, விடுமுறைக்கு அங்கே சென்றுவந்த குடும்பத்தினர் வேலிக்கு வெளியே நின்றேனும் கண்டிருப்பர். ஆயினும் அங்கு ஆடுவோர் என்ன செய்கின்றனர், சிற்சில வேளைகளில் எதற்காகத் தலையிற் கைவைத்துக்கொள்கின்றனர் என்பது பலருக்கு விளங்காத புதிராகவே இருந்து வருகிறது.

ஆட்டத்தின் அடிப்படை மிக எளியது. 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த நிறையுள்ள சிறிய பந்தைத் தடியால் அடித்து அடித்து, நாலேகால் அங்குல விட்டமுள்ள குழி ஒன்றில் விழுத்தவேண்டும். இவ்வாறு 18 குழிகள். எல்லாவற்றையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவனே வென்றவன். தேர்ந்த ஆட்டக்காரன் 72 அடிகளில் முடிக்கக்கூடிய மைதானத்தை, ஓய்வு நாட்களில் மட்டும் ஆடுபவன் 100 அடிகளிலும் முடிக்கத் திணறுவான். அவன் தலையிற் கைவைப்பதற்குரிய காரணங்களுள் முதன்மையானது, பந்து வலப்புறம் வளைந்தோடும் கோளாறேயாகும். ஆங்கிலேயர் அதனை ‘ஸ்லைஸ்’ என்பர். வலக்கையாளன் அடித்த பந்து நேரே புறப்படுவதுபோலத் தோன்றும். நடுவழியில் யாரோ இழுத்தாற்போல வலப்புறம் திரும்பி, மரங்களுக்குள்ளோ நீருக்குள்ளோ போய்ச் சேரும். இடக்கையாளனுக்கு இவையெல்லாம் பக்கம் மாறி நிகழும்.

சேனாதிபதிக்கும் அடங்காத பந்து

இந்தக் கோளாறு ஏழை, பணக்காரன், எளியவன், பெரியவன் என்று பார்ப்பதில்லை. 1944ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நோர்மண்டிக் கரையில் நேசநாடுகளின் பெரும்படையை இறக்கிய சேனாதிபதி டுவைட் ஐசன்ஹோவர், 1953 முதல் 1961 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தார். கொல்ப் விளையாட்டில் அவருக்கிருந்த பற்று உலகப் பிரசித்தம். ஜனாதிபதியாக இருந்த எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 800 தடவை அவர் ஆடினார் எனக் கணக்கிட்டோர் கூறுவர். 1954ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையின் தோட்டத்திலேயே பந்து உருட்டிப் பழகுவதற்கு ஒரு புற்றரை அமைக்கப்பட்டது. இத்தனை பழகியும் அவருடைய எண்ணிக்கை பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலுமே நின்றது. வலப்புறம் வளையும் பந்து அவரை விடாது தொடர்ந்த தொல்லைகளுள் ஒன்று. 1912ஆம் ஆண்டில், இராணுவக் கல்லூரி மாணவராக இருந்தபோது, அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அவருடைய முழங்கால் பழுதுற்றது. அதனால், தடியை வீசும்போது உடற்பாரத்தை முன்காலுக்கு முழுவதும் மாற்ற அவரால் இயலாதிருந்தது என்பர்.

ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்டா கொல்ப் கழகத்தில் அவர் அங்கத்தவர். அங்கே 17ஆவது குழிக்குச் செல்லும் வழியில், பந்து அடிக்கும் மேடையிலிருந்து ஏறத்தாழ 210 கெஜ தூரத்தில், இடப்பக்கமாக ஓங்கி வளர்ந்த பைன் மரம் ஒன்று நின்றது. வலப்புற வளைவுக்கு இடங்கொடுப்பதற்காக இடப்புறம் குறிவைத்து அடிப்பவனுக்கு இத்தகைய மரம் நேரெதிரே நிற்கும் அல்லவா? ஐசன்ஹோவரின் பந்து அம்மரத்தில் எத்தனையோ தடவை மோதியது. பொறுமை இழந்த அவர், 1956ஆம் ஆண்டில் நடந்த கழகக் கூட்டத்தில் எழுந்து, அந்த மரத்தை வெட்டிவிடவேண்டும் எனக் கேட்டார். தலைமை வகித்த கிளிபர்ட் ரொபேட்ஸ், ஜனாதிபதியை மறுத்துப் பேசவும் விரும்பாமல், மரத்தை இழக்கவும் விரும்பாமல், கூட்டத்தையே அத்துடன் முடித்துவிட்டார். அன்று தொடங்கி அது ‘ஐசன்ஹோவர் மரம்’ எனவே பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்துப் பனிப்புயலில் பெரிதும் சிதைந்த பின்னரே அது அகற்றப்பட்டது.

மரத்தை வெட்டியிருந்தாலும் பந்து வளையாமல் இருந்திராது. கோளாறு மரத்தில் இல்லை. தடி பந்தைத் தொடும் அந்தக் கணத்திலேயே இருக்கிறது.

பந்து ஏன் வளைகிறது?

இக்கேள்வி பேரறிஞர் பலரின் சிந்தனையைக் கவர்ந்ததாகும். சாய்ந்த மட்டையால் அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் கண்டதாக நியூற்றன் 1672ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். சுழலும் பொருள் காற்றில் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவதை ஜேர்மனிய அறிஞர் மக்னஸ் 1852ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து காட்டினார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கொல்ப் பந்துக்கு இதனைப் பொருத்திக் கணக்கிட்டவர் ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெயிட் ஆவார். அவருடைய மகன் பிரெடி டெயிட், 1896ஆம் ஆண்டிலும் 1898ஆம் ஆண்டிலும் பிரித்தானிய அமெச்சூர் போட்டியில் வெற்றிவாகை சூடியவர். மகன் மைதானத்தில் அடித்த பந்தின் பறப்பைத் தந்தை கணிதத்தால் விளக்க முயன்றார். பந்து நெடுந்தூரம் மிதந்து செல்வதற்குக் காரணம் அது பின்னோக்கிச் சுழல்வதே என்பதை 1890களில் அவர் நிறுவினார். மகன் 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போர்க்களத்தில் மாண்டார். அடுத்த ஆண்டில் தந்தையும் மறைந்தார்.

பந்தின் சுழற்சி செய்வது இதுதான். பின்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்த காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு ஈடாகக் காற்று பந்தை மேலே தாங்குகிறது. பந்தின் மேற்பரப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட சிறு குழிவுகள் இருப்பதும் இதன்பொருட்டே. 19ஆம் நூற்றாண்டில் வழக்கிலிருந்த மரப்பாற் பந்துகள் புதியனவாய் வழுவழுப்பாக இருக்கும்போது விரைவில் விழுந்தன. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகளே நன்கு பறந்தன. இதனைக் கண்ட பின்னரே பந்திற் செயற்கையாகத் தழும்புகள் இடப்பட்டன.

சுழற்சியின் அச்சுக் கிடையாக இருக்குமட்டும் பந்து நேரே செல்லும். அச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், மேலே தூக்கும் விசையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆகாயவிமானம் ஒரு சிறகைத் தாழ்த்தித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். பந்து வளைவதும் அவ்வாறே.

முகமும் வழியும்

அச்சைச் சாய்ப்பது எது? தடியின் முகம் எத்திசை நோக்குகிறது என்பது ஒன்று; தடி எவ்வழியாக வீசப்படுகிறது என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே திசையில் அமைந்து, பந்து முகத்தின் நடுவிற் பட்டால் அது வளையாது. மேசைப்பந்து ஆட்டத்தில் மட்டையைச் சாய்த்துக் குறுக்கே இழுத்தால் பந்து சுழன்று விலகுவதை மாணவர்கள் அறிவர். கொல்ப் தடி வெளியிலிருந்து உள்ளே, அதாவது வலத்திலிருந்து இடப்பக்கமாகக் குறுக்கே வரும்போது, அதன் முகம் அவ்வழிக்கு வலப்புறமாகத் திறந்திருந்தால், அச்சு வலப்புறம் சாயும். பந்தும் அப்பக்கம் வளையும். தடியும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது.

பந்து முதலில் எத்திசையிற் புறப்படும் என்பதில் ஆசிரியர்கள் நெடுங்காலம் தவறான கருத்தே கொண்டிருந்தனர். தடி வீசப்பட்ட வழியிற் பந்து புறப்பட்டுப் பின்னர் முகம் நோக்கிய திசைக்குத் திரும்பும் எனப் பழைய பயிற்சி நூல்கள் பலவும் கூறின. டென்மார்க்கு நாட்டில் 2003ஆம் ஆண்டில் தோன்றிய டிராக்மன் நிறுவனத்தின் ராடார்க் கருவி பந்தின் பறப்பை அளந்தபோது உண்மை வேறாயிருந்தது. நெடுந்தூரம் அடிக்கும் ‘டிரைவர்’ தடியில், புறப்படும் திசையை நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிர்ணயிப்பது முகமே. பின்னர் பந்து வீச்சின் வழியை விட்டு விலகி வளைகிறது. ஆகவே பந்து புறப்பட்ட திசை முகத்தைப் பற்றியும், வளைந்த பக்கம் முகத்துக்கும் வழிக்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் பற்றியும் நமக்குச் செய்தி சொல்கின்றன. இச்செய்தியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு பிழையடியும் ஒரு பாடமாகும்.

இயல்பான எண்ணமே எதிரி

பந்து வலப்புறம் போகிறது என்று கண்டவன் என்ன செய்வான்? சற்று இடப்புறமாகத் திரும்பி நின்று அடிப்பான். எவருக்கும் தோன்றக்கூடிய பரிகாரம் இதுவே. ஆனால் தோள்கள் இடப்புறம் திரும்பியதும், தடி முன்னையினும் குறுக்கான வழியில் இழுக்கப்படுகிறது. முகமோ இலக்கையே நோக்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே வேற்றுமை கூடுகிறது, வளைவும் கூடுகிறது. அதைக் கண்டவன் மேலும் இடப்புறம் திரும்புகிறான். சொறியச் சொறியப் புண் பெருகுவதுபோல, பரிகாரமே நோயை வளர்த்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஆடியும் பலர் இக்கோளாற்றினின்றும் மீளாதிருப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தவறான திசையிற் கடுமையாக உழைப்பவர்கள்.

மெய்யான பரிகாரம் மனத்துக்கு மாறாகத் தோன்றுவது. பந்து வலப்புறம் வளையாதிருக்க வேண்டுமாயின், தடியைச் சற்று வலப்புறம் நோக்கி வீசவேண்டும். முகத்தையோ அவ்வழிக்கு இசைய மூடவேண்டும்.

திருத்தும் முறை

முதலாவதாக, பந்து முகத்தின் எப்பகுதியிற் படுகிறது என்பதை அறியவேண்டும். முகத்திற் சிறிது சுண்ணப்பொடி பூசிவிட்டு அடித்தால் அடையாளம் தெரியும். ‘டிரைவர்’ போன்ற பருத்த தலையுள்ள தடிகளில், பிடியோடு சேரும் குதிப்பக்கத்திற் பந்து பட்டால், வீச்சு நன்றாக அமைந்தாலும் பந்து வலப்புறம் வளையும். அவ்வாறாயின் மருந்து வேறு. பந்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதையும் உடலின் சமநிலையையும் முதலிற் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது, கைப்பிடி. தடியைப் பிடித்தவாறு குனிந்து பார்க்கும்போது, இடக்கையின் விரல்மூட்டுக்கள் இரண்டு அல்லது மூன்று கண்ணுக்குத் தெரியவேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உண்டாகும் கோடு வலத்தோளை நோக்கவேண்டும். வலப்புறம் வளைப்பவர்களிற் பலருக்கு ஒரு மூட்டே தெரியும். அவர்களுடைய தடிமுகம் திறந்தபடியே வருவதில் வியப்பில்லை. பிடியை இறுக்கி நெரிக்கவும் கூடாது. இறுகிய கைகள் முகத்தை உரிய நேரத்தில் திரும்ப விடா.

மூன்றாவது, நிற்கும் நிலை. பாதங்கள் இலக்குக்கு நேராக இருந்தாலும் தோள்கள் இடப்புறம் திரும்பியிருப்பது இவர்களிடம் காணப்படும் பொதுக்குறை. தடியொன்றை மார்புக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தால் தோள்கள் எங்கே நோக்குகின்றன என்பது வெளிப்படும். ‘டிரைவர்’ தடியால் அடிக்கும்போது பந்து இடக்குதிக்கு நேரே இருந்தாற் போதும். அதனினும் முன்னே வைத்தால் அதனை எட்டுவதற்காகவே தோள்கள் திரும்பிவிடும்.

நான்காவது, வீசும் வழி. பந்துக்கு வெளிப்பக்கத்திற் சற்றுப் பின்னே வெறும் அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். தடி வெளியிலிருந்து குறுக்கே வருமாயின் பெட்டியில் மோதும். பெட்டியிற் படாமல் அடிக்கப் பழகும்போது தடி உட்புறமாக இறங்கத் தொடங்கும். மேலே சென்ற தடியை இறக்குகையில் வலத்தோளை முன்தள்ளி ஆவேசத்துடன் அடிப்பதே குறுக்கு வழிக்கு வித்து. இடுப்பு முதலில் திரும்ப, தோளும் கையும் அதனைத் தொடரவேண்டும். இப்பயிற்சியை முழு வேகத்தில் தொடங்கற்க. சிறிய தடியுடன் அரை வீச்சாகப் பலநாட் பழகி, அதன் பின்னரே நெடுந்தடியைக் கையிலெடுப்பது நன்று.

இப்பயிற்சியின் தொடக்கத்திற் பந்து நேரே செல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவேண்டாம். சில பந்துகள் வலப்புறம் புறப்பட்டு நேரே போகும். சில இடப்புறம் வளையும். ஆடுபவன் கலங்கிப் பழைய முறைக்கு ஓடிவிடுவது இங்கேதான். உண்மையில், ஆண்டுக்கணக்காக வலப்புறமே வளைத்தவனுடைய பந்து முதன்முறையாக இடப்புறம் வளைவது நோய் நீங்குவதற்கு அறிகுறி. உடலுக்குப் பழகிப்போனது சரியென்றும், பழகாதது பிழையென்றும் தோன்றும். உணர்ச்சியை நம்பாமல் பந்தின் பறப்பையே நம்பிப் பொறுத்திருப்பவனே தேறுவான்.

எண்ணிக்கை குறைவது எவ்வாறு?

வளைவு நீங்கும்வரை அட்டைப்பெட்டியோடு மட்டும் காலங்கழிக்க எவர்தாம் சம்மதிப்பர்? கோளாறு இருக்கும்போதே எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் வழியுண்டு. பந்து மைதானத்தின் எல்லைக்கு வெளியே போனால், பொது விதிப்படி ஓர் அடி தண்டனையோடு பழைய இடத்திலிருந்தே மீண்டும் அடிக்கவேண்டும். அதாவது, அடுத்து அடிப்பது மூன்றாவது அடியாகிவிடும். ஓராட்டத்தில் நான்கு தடவை இவ்வாறு நேர்ந்தால் எட்டு அடிகள் வீண். எனவே ஒடுங்கிய வழிகளில் ‘டிரைவரை’ விட்டு, முகம் அதிகம் சாய்ந்த சிறுதடியை எடுப்பது புத்தி. அத்தகைய தடி பின்னோக்கிய சுழற்சியை மிகுதியாகக் கொடுப்பதால், அதே பிழை நேர்ந்தாலும் அச்சுக் குறைவாகவே சாயும். பந்து இருபது கெஜம் குறைவாகப் போகலாம். ஆனால் போன இடத்திற் கிடக்கும்.

நெடிய அடி காட்சிக்கு, குழியருகே உருட்டும் அடியே காசுக்கு என்பது கொல்ப் ஆடுவோரிடையே வழங்கும் பழமொழி. ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டல் என்று கொண்டாலே 72இற் பாதியாகிய 36 அடிகள் அதற்குப் போய்விடுமாதலால், பழமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. தூரத்திலிருந்து உருட்டும் முதல் அடியைக் குழியின் அருகே நிறுத்தப் பழகினால் மூன்றாவது உருட்டல் மிச்சமாகும். எனினும் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி பெருந்தொகையான அடிகளைக் கணக்கிட்டு 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பழமொழியின் மறுபக்கத்தையும் காட்டியது. தேர்ந்தவனுக்கும் தேராதவனுக்கும் உள்ள வேற்றுமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலேதான் உண்டாகிறதாம். ஆதலால் வலப்புற வளைவைத் திருத்துவதற்குச் செலவிடும் உழைப்பு ஒருபோதும் வீணாகாது.

எண்ணிக்கையைக் குறைக்க விரும்புபவன் முதலில் உண்மையான எண்ணிக்கையை எழுதவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஒகஸ்டா கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான பொபி ஜோன்ஸ், பணத்துக்கு ஆடாத அமெச்சூர் வீரர். 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், அடிக்க ஆயத்தமானபோது புல்லிற் கிடந்த பந்து சற்று அசைந்துவிட்டது என்று தாமே முன்வந்து கூறி, தமது கணக்கில் ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமநிலை எய்தினர்; வெற்றியைத் தீர்மானிக்க மீண்டும் நடந்த ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓரடியைச் சொல்லாதிருந்தால் கிண்ணம் அவருடையதாகியிருக்கும். தன் பிழையைத் தானே எண்ணத் துணியாதவன் அதனைத் திருத்தவும் துணியமாட்டான்.

ஐசன்ஹோவரோ தமது பிழைகளோடு இறுதிவரை போராடினார். 1955ஆம் ஆண்டு செப்டெம்பரில் டென்வர் நகரில் ஒரே நாளில் 27 குழிகள் ஆடியபின், மறுநாள் அதிகாலையில் மாரடைப்புக்கு ஆளானார். அடுத்த ஆண்டிலேயே மீண்டும் தடியை எடுத்தார். பதவியை விட்டு ஏழாண்டுகள் கழிந்தபின், 1968ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆம் திகதி, கலிபோர்னியாவில் 104 கெஜ தூரமுள்ள ஒரு குழிக்குள் ஒரே அடியிற் பந்தை விழுத்தினார். அப்போது அவருக்கு வயது 77. அன்று அவர் கையிலிருந்தது முகம் நன்கு சாய்ந்த ஒன்பதாம் இலக்க இரும்புத்தடி. வலப்புற வளைவு மிகக் குறைவாகவே தலைகாட்டும் தடி அது.

கொல்ப் தடியை ஒருநாளும் தொடாத மாணவர்களுக்கும் இதிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கையெழுத்தைத் திருத்துபவனும், வயலினில் விரல் வைக்கும் முறையை மாற்றுபவனும், பிறமொழி உச்சரிப்பைப் பழகுபவனும் இதே கட்டத்தைத் தாண்டியே ஆகவேண்டும். ஆசிரியர் காட்டிய புதிய முறை முதலிற் கோணலாகத் தோன்றும். பழைய பிழையே இனிமையாக இருக்கும். அந்தச் சில வாரங்களைப் பொறுத்துக் கடப்பவர்களுக்கு, கோணலாகத் தோன்றியதே பின்னர் இயல்பாகிவிடும்.